பிணைப்பின் பொருள் கண்டவர்

ஹைட்ரஜன் மூலக்கூறின் புள்ளி வாய்பாட்டை எழுதும் மாணவர், இரண்டு ஹைட்ரஜன் குறியீடுகளை எழுதி அவற்றின் நடுவே இரண்டு புள்ளிகளை இடுவார். அப்புள்ளிகள் எலக்ட்ரான்கள். அவற்றை இரு அணுக்களுக்கும் பொதுவாக நடுவில் வைத்துக் காட்டியவர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் என்னும் அமெரிக்க வேதியியலார். அவர் அதனை உலகுக்கு அறிவித்த ஆண்டு 1916. ஆனால், அச்சிந்தனை அவருள் முளைவிட்டது அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே.

லூயிஸ் 1875ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். குடும்பம் நெப்ராஸ்காவில் குடியேறியது. இளமைக்கல்வி பெரும்பாலும் வீட்டிலேயே அமைந்தது. 1899இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஜெர்மனியில் ஓஸ்ட்வால்டு, நெர்ன்ஸ்ட் ஆகிய அறிஞர்களின் ஆய்வகங்களில் பயின்று திரும்பி, ஹார்வர்டிலேயே ஆசிரியரானார்.

அணுக்கள் சேர்ந்து மூலக்கூறாகின்றன என்பதை அக்கால வேதியியலார் அறிந்திருந்தனர். வாய்பாடுகளில் அணுக்களுக்கிடையே கோடு இடுவதும் வழக்கமாக இருந்தது. அக்கோடு எதைக் குறிக்கிறது என்பதுதான் எவருக்கும் தெளிவாகவில்லை. எலக்ட்ரானே 1897இல்தான் கண்டறியப்பட்டிருந்தது. 1902இல் மாணவர்களுக்கு ஆவர்த்தன விதியை விளக்க முற்பட்ட லூயிஸ், அணுவை ஒரு கனசதுரமாகத் தாளில் வரைந்து, அதன் மூலைகளில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை வைத்தார். நியானுக்கு எட்டு மூலைகளும் நிரம்பியிருக்கும். சோடியத்திற்கு ஒரு மூலையில் மட்டும் எலக்ட்ரான் உண்டு. குளோரினுக்கு ஒரு மூலை மட்டும் வெறுமையாக இருக்கும். சோடியம் கொடுக்கிறது, குளோரின் பெறுகிறது, உப்பு உருவாகிறது. படம் எளிதாகப் பொருந்தியது.

ஆனால் குளோரின் வாயுவுக்கு அது பொருந்தவில்லை. அதன் மூலக்கூறில் உள்ள இரண்டும் குளோரின் அணுக்களே; இரண்டிடமும் ஏழேழு எலக்ட்ரான்கள். இவற்றுள் எது கொடுக்கும், எது பெறும்? விடை கிட்டவில்லை. தாள் வெளியிடப்படாமலே கிடந்தது. லூயிஸ் மணிலாவில் எடை, அளவைத் துறை அலுவலராகச் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆய்வு செய்தார். 1912இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேதியியல் கல்லூரியின் தலைவரானார்.

1916இல் வெளியான கட்டுரையில் அவர் விடையைத் தந்தார். எந்த அணுவும் கொடுக்கவும் வேண்டா, பெறவும் வேண்டா. ஓரிணை எலக்ட்ரான்களை இரண்டும் பொதுவில் வைத்துக்கொண்டால் போதும். இரு வீடுகளுக்கு நடுவேயுள்ள பொதுச்சுவரை இரு வீட்டாரும் தம் சுவராகக் கொள்வதை இஃது ஒத்தது. குளோரின் அணு ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆறுடன் பொதுவான இரண்டையும் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே பதினான்கு எலக்ட்ரான்களைக் கொண்டே இரண்டு எட்டுகள் நிறைவடைகின்றன. கனசதுரங்கள் ஒரு விளிம்பைப் பகிர்ந்தால் ஒற்றைப் பிணைப்பு, ஒரு முகத்தைப் பகிர்ந்தால் இரட்டைப் பிணைப்பு. முப்பிணைப்பைக் கனசதுரத்தால் காட்ட இயலவில்லை. அதனால் எலக்ட்ரான்களை இணையிணையாக நான்முகியின் மூலைகளுக்கு மாற்றினார். தாமே வரைந்த படத்தைத் தாமே திருத்த அவர் தயங்கவில்லை. கொடுத்துப் பெறும் அயனிப்பிணைப்பை அதே ஆண்டில் ஜெர்மனியின் கோசலும் தனியே விளக்கியிருந்தார்.

முதல் உலகப்போரில் லூயிஸ் பிரான்சுக்குச் சென்று, நச்சுவாயுவிலிருந்து தற்காத்துக்கொள்ளப் படையினருக்குப் பயிற்சி அளித்தார். போர் முடிந்த பின் 1919இல் இர்விங் லாங்மியூர் என்னும் அறிஞர் இக்கொள்கையை விரிவாக்கினார். சகப்பிணைப்பு என நாம் வழங்குவதற்குரிய ஆங்கிலப் பெயரைச் சூட்டியவர் அவரே. அவர் சொல்வன்மை மிக்கவர். அவருடைய சொற்பொழிவுகளால் கொள்கை விரைந்து பரவியது. அதனுடன் அவர் பெயரும் இணைந்தே பரவியது. இது லூயிஸின் மனத்தை வருத்தியது. 1923இல் இணைதிறன் பற்றி அவர் எழுதிய நூலில், 1902இல் வரைந்த அந்தப் பழைய தாளின் படமும் இடம்பெற்றது.

இயற்பியலார் வேறொரு தடையை எழுப்பினர். போரின் அணுவில் எலக்ட்ரான்கள் ஓயாது சுழல்கின்றன. மூலைகளில் அவை எவ்வாறு அசையாது நிற்கும்? அவ்வினா நியாயமானதே. 1927இல் ஹைட்லர், லண்டன் என்னும் இருவர் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூறைக் கணக்கிட்டனர். அசையா எலக்ட்ரான்கள் என்னும் கருத்து மறைந்தது. பகிர்ந்த இணையே பிணைப்பு என்பது நிலைத்தது. 1939இல் லைனஸ் பாலிங் வேதிப்பிணைப்பின் இயல்பு பற்றிய தம் நூலை லூயிஸுக்கே உரித்தாக்கினார்.

நோபல் பரிசுக்கு லூயிஸின் பெயர் 35 முறைக்கும் மேல் முன்மொழியப்பட்டது; பரிசு ஒருமுறையும் வரவில்லை. லாங்மியூர் 1932இல் வேறோர் ஆய்வுக்காக அதனைப் பெற்றார். லூயிஸிடம் பயின்ற யூரி 1934இல் பெற்றார். பெர்க்லியில் அவருடைய துறையில் வளர்ந்த கியாக், சீபோர்க், லிபி ஆகியோர் அவர் மறைவுக்குப் பின் பெற்றனர். அமில, காரக் கொள்கை, கனநீர் ஆய்வு என அவர் உழைப்பு தொடர்ந்தது.

1946ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிற்பகல், பெர்க்லி ஆய்வகத்தில் தம் மேசையருகே அவர் இறந்து கிடந்தார். ஹைட்ரஜன் சயனைடைக் கொண்டு அவர் செய்துவந்த ஆய்வு பாதியில் நின்றிருந்தது. இதயநோயே காரணம் என்றது மருத்துவ அறிக்கை. அப்போது அவருக்கு வயது எழுபது.