இடிபாடுகளின் ஓவியர்

ரோமாபுரியின் பழைய மண்டபங்கள் இடிந்து கிடக்கும் அழகை ஆசையோடு வரைந்த ஒருவர், முதுமையில் தம் சொந்த ஊரின் ஆலயங்கள் இடிபடுவதையும் நின்று வரைய நேர்ந்தது. அவரே பிரெஞ்சு ஓவியர் யூபேர் ரொபேர்.

1733-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். தந்தையார் ஷுவாசேல் என்னும் பிரபு குடும்பத்தில் ஊழியம் பார்த்தவர். அக்குடும்பத்தவர் ஒருவர் 1754-இல் பாப்பரசரிடம் பிரெஞ்சுத் தூதராகச் சென்றபோது, ரொபேரும் உடன் சென்றார். 11 ஆண்டுகள் இத்தாலியிலேயே தங்கிவிட்டார். பாழடைந்த கட்டடங்களை வரைவதில் தேர்ந்த பனினி, பிரனேசி ஆகியோரின் வேலையை அங்கே அருகிலிருந்து கண்டு கற்றார். ஆதிக் கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளில் வழி தவறி, தட்டுத் தடுமாறி வெளியே வந்தார் என்று ஒரு கதையும் உண்டு.

அவருடைய படங்களில் நம் மனத்தைத் தொடுவது தூண்களல்ல. தூண்களின் நடுவே நடக்கும் வாழ்க்கை. பேரரசர்கள் எழுப்பிய வளைவுகளின் கீழே பெண்கள் துணி துவைக்கிறார்கள். சிலைகளுக்கிடையே கயிறு கட்டி உலர்த்துகிறார்கள். அதில் கேலி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

1765-இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே அரச கலைக் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அரசரின் பூங்காக்களை வடிவமைக்கும் பொறுப்பும் பின்னர் கிடைத்தது. புகழுக்குக் குறைவில்லை. ஆனால் பெற்ற நான்கு பிள்ளைகளையும் தம் வாழ்நாளிலேயே பறிகொடுத்தார்.

1789-இல் புரட்சி வெடித்தது. பஸ்தீல் கோட்டை இடிக்கப்படுவதை வரைந்தார். 1793-இல் சேன்-தெனி பேராலயத்தில் அரசர்களின் கல்லறைகள் தோண்டப்பட்டதையும் வரைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவரே கைதானார். முதலில் ஒரு சிறை, பிறகு சேன்-லசார். அந்த இல்லத்தை நாம் அறிவோம்: புனித வின்சென்ட் தே பவுல் வாழ்ந்து, 1660-இல் உயிர் நீத்த இல்லம் அது! ஏழைகளின் தந்தை நடமாடிய கூடங்களில் இப்போது கொலைக்களத்துக்கு அழைப்பு வருமோ என்று கைதிகள் காத்திருந்தார்கள்.

ரொபேர் அங்கும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. கைதிகளுக்கு உணவு வந்ததைப் படமாக்கினார். சாப்பிடும் தட்டுகளின் மேலேயே மரங்களும் நீரோடைகளும் வரைந்தார். அவை வெளியே விலை போயின. அவருக்குப் பதிலாக அதே பெயருடைய வேறொருவர் கொல்லப்பட்டார் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அதற்குத் தக்க ஆதாரமில்லை. 1794 ஜூலையில் ரோபஸ்பியர் வீழ்ந்தபின் விடுதலை பெற்றார்.

பிறகு, பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டிருந்த லூவ்ர் அருங்காட்சியகத்தைச் சீரமைக்கும் பணியில் சேர்ந்தார். 1796-இல் அதன் நீண்ட கூடத்தை இரண்டு படங்களாக எழுதினார். ஒன்றில், மேலிருந்து ஒளி விழும்படி கூடம் எப்படி அமைய வேண்டும் என்ற திட்டம். மற்றொன்றில் அதே கூடம் கூரையின்றி இடிந்து, புல் முளைத்துக் கிடக்கிறது. விழாமல் நிற்கும் ஒரு சிலையின் முன்னே இளைஞன் ஒருவன் அமர்ந்து, அதைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறான்.

1808 ஏப்ரல் 15-இல் ரொபேர் பாரிஸில் காலமானார். அந்த இரண்டு படங்களும் இன்று லூவ்ருக்கே சொந்தம்.