மண்ணின் பசி தீர்த்தவர்

அமெரிக்காவில் மிசவுரி மாநிலத்தில், 1864-ம் ஆண்டு வாக்கில், ஓர் அடிமைப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஜார்ஜ் என்று பெயர்.

கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளைக்காரர்கள் தாயையும் பிள்ளையையும் தூக்கிச் சென்றார்கள். பிள்ளை திரும்பி வந்தது. தாய் வரவே இல்லை!

பண்ணைக்காரர் மோசஸ் கார்வரும் அவர் மனைவியும் பிள்ளையை வளர்த்தார்கள். அவன்தான் பிற்காலத்தில் புகழ் பெற்ற விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

கறுப்பர் என்பதால் ஒரு கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்தது. அவர் மனம் தளரவில்லை. துணி வெளுத்துப் பிழைத்துக்கொண்டே படித்தார். அயோவா விவசாயக் கல்லூரியில் 1894-ல் பட்டம் பெற்றார். 1896-ல் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகி கல்வி நிலையத்துக்கு ஆசிரியராகப் போனார்.

எங்கும் பருத்தி

அங்கே எங்கு பார்த்தாலும் பருத்தி! ஆண்டுதோறும் அதே நிலத்தில் அதே பயிர். மண்ணில் இருந்த சத்தையெல்லாம் பருத்தி உறிஞ்சிவிட்டது. மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடியது. வயல்களில் பெரும் பள்ளங்கள் விழுந்தன.

வாரத்துக்கு உழுதவர்களில் பலர் முன்னாள் அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும். விளைச்சல் குறைந்தது, கடன் ஏறியது. கடனைத் தீர்க்க மறுபடியும் பருத்தியையே போட்டார்கள்! மண் மேலும் மெலிந்தது.

வேரில் இருக்கும் உரம்

கார்வர் வழி சொன்னார். ஓர் ஆண்டு பருத்தி. மறு ஆண்டு காராமணி அல்லது நிலக்கடலை. இந்தச் செடிகளின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன. செடியை மடக்கி உழுதால், அந்தச் சத்து மண்ணுக்குச் சேர்கிறது. காட்டுச் சருகையும் சதுப்பு நிலச் சேற்றையும் மட்கவைத்து உரமாக்கவும் அவர் கற்பித்தார். ஏழைக்குக் காசு செலவில்லாத உரம்!

1906-ல் அவர் வடிவமைத்த ஒரு வண்டி புறப்பட்டது. கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றது. எழுத்தறியாத உழவரும் கண்ணால் பார்த்துக் கற்றார்கள்.

விளைந்த கடலையை யார் வாங்குவது? அதற்கும் கார்வர் பாடுபட்டார். கடலையைக் கொண்டு சுமார் 300 பயன்களைக் கண்டு சொன்னார். அவற்றில் பல கடைக்கு வரவில்லை. ஆனால் கடலையின் அருமை நாட்டுக்குத் தெரிந்தது.

கார்வர் மணம் செய்துகொள்ளவில்லை. தம் சேமிப்பை ஆராய்ச்சிக்கே கொடுத்தார். 1943 ஜனவரி 5-ந் தேதி காலமானார்.

நிலத்திடம் வாங்கிக்கொண்டே இருந்தால் அது ஒரு நாள் கைவிரித்துவிடும். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் அது பேரன் காலத்துக்கும் சோறு போடும். தாயை இழந்த அந்தப் பிள்ளை, மண்ணைத் தாயாக நினைத்துக் காத்தது!