கவுண்ட் லாலி: பிரெஞ்சுத் தளபதியின் பெயர் நிஜமாகவே பிரெஞ்சுப் பெயரா? தருமபுரி வரை நீளும் கதை!

வந்தவாசிப் போர் ஸ்கூல் புக்கில் படித்த ஞாபகம் இருக்கும். 1760 ஜனவரி 22-ல் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்ற போர். தோற்ற தளபதி, கவுண்ட் டி லாலி டொலெண்டால். கேட்டால் பக்கா பிரெஞ்சுப் பெயர் மாதிரி இருக்கும். ஆனால் அதன் வேர் அயர்லாந்தில் இருக்கிறது.

பெயர் எங்கிருந்து வந்தது?

அயர்லாந்தின் கால்வே பகுதியில் டூவம் என்ற ஊர்ப்பக்கம் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பம் அது. 'ஓ முல்லாலி' என்ற ஐரிஷ் பெயர் சுருங்கி 'லாலி' ஆனது. 1691-ல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் தரப்பு தோற்றதும் ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் பிரான்ஸுக்குப் போனார்கள். லாலியின் அப்பா ஜெரார்டும் இப்படி நாடு விட்டு வந்தவர்தான். பூர்வீக நிலத்தின் பெயரான 'டல்லினடேலி', பிரெஞ்சு நாக்கில் 'டொலெண்டால்' ஆகிக் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஊர்ப்பெயரை இனிஷியலில் சுமக்கிற நமக்கு இது புதுசா என்ன?

தருமபுரிக்கு என்ன சம்பந்தம்?

1702-ல் பிரான்ஸின் ரோமான் ஊரில் பிறந்த லாலி, 1758-ல் புதுச்சேரி வந்திறங்கினார். கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். தஞ்சாவூரும் சென்னையும் கைகூடவில்லை. வந்தவாசிக்குப் பிறகு ஹைதர் அலியின் உதவியை நாடினார். பதிலுக்கு தியாகதுருகம் கோட்டையைத் தருவதாகப் பேச்சு. ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலி, பாராமகாலைப் பிடித்து அந்த வழியாகப் படையோடு இறங்கினார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகள்தான் அன்றைய பாராமகால். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதருக்கே சிக்கல் வர, படை திரும்பிவிட்டது. 1761 ஜனவரி 16-ல் புதுச்சேரி விழுந்தது.

பெயருக்கு வந்த களங்கம்

தோல்விக்குப் பழி முழுக்க லாலி மேல் விழுந்தது. மன்னருக்குத் துரோகம் செய்ததாக 1766 மே 9-ல் பாரிஸில் அவர் தலையை வெட்டினார்கள். அப்போது மகன் ட்ரோஃபிமுக்கு 15 வயது. தன் அப்பா யார் என்பதே அந்தப் பையனுக்கு அப்போதுதான் தெரியவந்தது.

தலை குனிய வைத்த பெயரை அவன் ஒளிக்கவில்லை. சட்டப் போராட்டத்தில் இறங்கினான். எழுத்தாளர் வோல்டேரும் துணை நின்றார். 1778-ல் தீர்ப்பு ரத்தானது. 1789-ல் பிரான்ஸின் பிரதிநிதிகள் சபைக்கு அந்த மகன் போனபோது, கூடவே போன பெயர்: லாலி டொலெண்டால்.