இனாம் கூலியாகாது

கொடுப்பவன் மனம்போல் கொடுப்பது இனாம். உழைத்தவன் உரிமையாய்ப் பெறுவது கூலி. இரண்டையும் ஒன்றெனக் குழப்பினால் முதலாளிக்கு லாபம்; தொழிலாளிக்கோ பொருளும் நஷ்டம், மானமும் நஷ்டம். இவ்வுண்மைக்காக அமெரிக்காவில் போராடிய ஏ. பிலிப் ராண்டால்பின் ஜீவிய சரித்திரத்தை நம் நேயர்கள் அறிதல் அவசியமென்று கருதுகிறோம்.

ராண்டால்ப் 1889-ல் ப்ளாரிடா ராஜ்யத்தில் ஏழைப் பாதிரியார் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தார், கறுப்பினத்தவர். 1911-ல் நியூயார்க் சென்றார். 1917-ல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து 'மெஸஞ்சர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

அக்காலத்து அமெரிக்க ரயில்களில் புல்மன் கம்பெனியாரின் படுக்கை வண்டிகள் ஓடின. அவற்றில் படுக்கை விரித்து, பெட்டி சுமந்து, பிரயாணிகளின் பூட்ஸுக்கு மெருகிட்ட போர்ட்டர்கள் கறுப்பினத்தவரே. அவர்களைச் சொந்தப் பெயரால் அழைப்பார் அரியர். கம்பெனியை ஸ்தாபித்த முதலாளியின் பெயரால் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே விளித்தனர். அடிமையை எஜமானன் பெயரால் அழைத்த வழக்கத்தின் மிச்சம் அது. மாதத்திற்கு ஏறக்குறைய 400 மணி நேர வேலை. 1925-ல் சம்பளம் அறுபத்தேழரை டாலர். சாப்பாடும் மெருகும் அவர்கள் செலவு. மற்றதற்குப் பிரயாணியின் இனாமையே நம்பவேண்டும். மனம் புழுங்கினாலும் முகம் மலரவேண்டும்!

1925 ஆகஸ்டு 25-ந் தேதி போர்ட்டர்கள் சங்கம் கண்டனர்; ராண்டால்ப் தலைவரானார். அவர் கம்பெனியின் ஊழியரல்லர். ஆகவே அவரை வேலையை விட்டு நீக்கி அடக்கக் கம்பெனியாரால் இயலவில்லை. ஊழியரை இனாமை நம்பிப் பிழைக்கச் செய்வது சட்ட விரோதமென்று 1927-ல் சங்கத்தார் ராஜ்யங்களுக்கிடையிலான வர்த்தகத்தைக் கவனிக்கும் கமிஷனிடம் முறையிட்டனர். தனக்கு அதிகாரமில்லையெனக் கமிஷன் 1928-ல் மனுவைத் தள்ளிற்று. அவ்வாண்டே வேலை நிறுத்த அறிவிப்பையும் வாபஸ் பெற நேர்ந்தது. அங்கத்தினர் பலர் விலகினர், தலைவர் விலகவில்லை. சங்கம் பிறந்து சரியாகப் பன்னிரண்டாண்டு கழித்து, 1937 ஆகஸ்டு 25-ல், கம்பெனியார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மாத வேலை 240 மணியாயிற்று, சம்பளமும் உயர்ந்தது.

1938-ல் அமெரிக்க சர்க்கார் மணிக்கு 25 சென்டு என்று குறைந்தபட்சக் கூலி விதித்தபோது, ஹோட்டல் ஊழியர்க்கு அப்பாதுகாப்பு கிட்டவில்லை. பின்னர் ராண்டால்ப் காந்தியடிகளின் அஹிம்சை முறையைத் தம் மக்களுக்கு எடுத்துரைத்தார். 1963-ல் வாஷிங்டனில் கூடிய மாபெரும் ஊர்வலத்திற்கு அவரே தலைவர். வாழ்வதற்குப் போதிய குறைந்தபட்சக் கூலியும் அதன் கோரிக்கைகளில் ஒன்று. 1979-ல் காலமானார்.

அவர் தொடங்கிய வேலை முடியவில்லை. 1966-ல் ஹோட்டல் ஊழியரையும் சட்டத்தில் சேர்த்தவர்கள், இனாமைக் கூலியில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு இடங்கொடுத்தனர். பொதுக் கூலி 2009 முதல் மணிக்கு 7 டாலர் 25 சென்டு. இனாம் பெறுவோர்க்கு முதலாளி கொடுக்கவேண்டியதோ 1991 முதல் 2 டாலர் 13 சென்டுதான். இனாம் குறைந்தால் முதலாளி ஈடுசெய்ய வேண்டுமென்பது விதி. ஆனால் கணக்குக் கேட்டால் வேலை போகுமென்று அஞ்சுபவனுக்கு விதியால் என்ன பயன்? கலிபோர்னியா முதலிய சில ராஜ்யங்கள் இக்கழிவை அனுமதிப்பதில்லை. அதுவே நியாயமான வழி.

அன்பால் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. அந்த அன்பைத் தன் சம்பளக் கணக்கில் வரவு வைக்கும் முதலாளியையே கண்டிக்கிறோம்.