எர்வே டெ சான் தெனி

எர்வே டெ சான் தெனி (மே 6, 1822 – நவம்பர் 2, 1892) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த சீனவியல் அறிஞரும் கனவு ஆய்வாளரும் ஆவார். மார்க்கி என்னும் பிரபுப் பட்டம் பெற்றவர். தூங்கும்போதே கனவு என்று உணர்ந்து, அதன் போக்கை விருப்பப்படி மாற்ற முடியும் என்பதைத் தம் அனுபவத்தின் மூலம் விரிவாகப் பதிவு செய்த முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

சீனவியல் பணி

தாங் அரசமரபுக் காலச் சீனக் கவிதைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1862ல் வெளியிட்டார். 1867ல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் சீனப் பிரிவுக்குப் பொறுப்பு வகித்தார். 1874ல் ஸ்தனிஸ்லாஸ் சூலியனுக்குப் பின் கொலேஜ் டெ பிரான்சில் சீனமொழிப் பேராசிரியரானார்.

கனவுக் குறிப்பேடுகள்

தமக்கு 13 வயதானபோது கனவுகளை எழுதவும் வரையவும் தொடங்கினார். இக்குறிப்புகள் 1,946 இரவுகளுக்குரியனவாக 22 ஏடுகளில் நிறைந்தன. நாள்தோறும் கனவைப் பற்றிச் சிந்திக்கும் பழக்கம் தூக்கத்திலும் தொடர்ந்ததால், சில மாதங்களில் கனவுக்குள்ளேயே தாம் கனவு காண்பதை அறியலானார். பின்னர் இந்நிலை பெரும்பாலான இரவுகளில் வாய்த்தது.

சோதனைகள்

பிரான்சின் தென்பகுதியிலுள்ள விவாரே மலைப்பகுதியில் தங்கியிருந்த நாட்களில் மட்டும் ஒரு குறிப்பிட்ட வாசனைத் திரவியத்தை நுகர்ந்து வந்தார். பல மாதங்களுக்குப் பின், தமக்கு முன்னறிவிக்காமல் ஏதேனும் ஓர் இரவில் அதைத் தலையணையில் தெளிக்குமாறு பணியாளரிடம் கூறி வைத்தார். அவ்விரவில் அம்மலைப்பகுதியே கனவில் தோன்றியது. நடன விருந்துகளில் இரு பெண்களுடன் ஆடும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பிட்ட இசை ஒலிக்க ஏற்பாடு செய்தார். பின்னர் இசைப்பெட்டியைக் கடிகாரத்துடன் இணைத்துத் தூக்கத்தில் அவ்விசையை ஒலிக்கச் செய்தபோது, அதற்குரிய பெண் கனவில் வந்தார்.

கொடிய உருவங்கள் துரத்தும் ஒரு கனவு அவருக்கு மீண்டும் மீண்டும் வந்தது. ஒருமுறை அது கனவென்று உணர்ந்து, ஓடாமல் திரும்பி நின்று அவ்வுருவத்தை உற்று நோக்கினார். அது மெல்ல மங்கியது. அதன்பின் அத்தீக்கனவு அவரை வருத்தவில்லை.

நூல்

தம் ஆய்வுகளைக் "கனவுகளும் அவற்றை வழிநடத்தும் முறைகளும்" என்று பொருள்படும் பிரெஞ்சு நூலாக 1867ல் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்டார். கனவில் விருப்பாற்றல் முற்றிலும் செயலிழந்து விடுகிறது என்ற கருத்தை இதில் மறுத்தார். எனினும் நூல் பரவலாகக் கிடைக்கவில்லை. சிக்மண்ட் பிராய்டும் தம்மால் இந்நூலைப் பெற முடியவில்லை எனத் தம் கனவு ஆய்வு நூலில் குறிப்பிட்டுள்ளார். மூலக் குறிப்பேடுகளும் பிற்கால ஆய்வாளர்களுக்குக் கிட்டவில்லை. இதனால் இவர் நீண்டகாலம் சீனவியல் அறிஞராக மட்டுமே அறியப்பட்டார்.

பிற்காலத் தாக்கம்

இத்தகைய கனவுகளைக் குறிக்கும் "தெளிகனவு" என்னும் கருத்துக்குரிய ஆங்கிலச் சொல்லை 1913ல் நெதர்லாந்து எழுத்தாளர் பிரெடரிக் வான் ஈடன் பரவச் செய்தார். 1975ல் இங்கிலாந்தில் கீத் ஹேர்ன், கனவு காண்பவர் முன்பே பேசிவைத்தபடி கண்ணசைவால் அனுப்பிய சைகையைக் கருவியில் பதிவு செய்தார். இதன் மூலம் தெளிகனவு ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. அமெரிக்காவின் ஸ்டீபன் லாபெர்ஜ் 1980ல் வெளியிட்ட பயிற்சிமுறையில், அடுத்த கனவில் அது கனவென்பதை நினைவுகூர வேண்டும் என்று தூங்கச் செல்லும்போது மனத்தில் உறுதி கொள்வதே முதன்மையானது. விழிப்பில் கொண்ட எண்ணம் தூக்கத்திலும் தொடரும் என்ற எர்வேயின் கருத்துடன் இது ஒத்துப்போகிறது.