எலிசா ஓட்டிஸ்

வானளாவிய மாடங்களில் ஏறுவோர் மின்தூக்கியினுள் நுழைந்து, பொத்தானை அழுத்திவிட்டுக் கவலையின்றி நிற்கின்றனர். தம்மைத் தாங்கி நிற்பது கயிறு என்பதையும், கயிறு அறுதல் கூடும் என்பதையும் அவர்கள் எண்ணுவதேயில்லை. அவ்வச்சத்தை அகற்றியவர் எலிசா கிரேவ்ஸ் ஓட்டிஸ் என்பவராவர்.

இவர் அமெரிக்க ஐக்கிய நாட்டில், வெர்மாண்டு மாநிலத்து ஆலிபாக்ஸ் என்னும் ஊரில், 1811ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள் உழவர் குடியிற் பிறந்தார். இளமையிலேயே வீட்டைவிட்டுப் புறப்பட்டு வண்டி ஓட்டினார், மாவாலை நடத்தினார், மரம் அறுத்தார். எத்தொழிலும் நிலைக்கவில்லை. 1842இல் மனைவியும் இறந்தார். சிறுவர் இருவரை வளர்க்கும் பொறுப்போடு நோயும் வறுமையும் அவரை வருத்தின. ஆயினும், பொறிகளைக் கூர்ந்து நோக்கும் இயல்பு அவரிடம் குன்றவில்லை.

1852இல் யாங்கர்ஸ் நகரில் கட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றை அமைக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அங்குக் கனத்த பொருள்களை மேல்தளத்திற்கு ஏற்றவேண்டியிருந்தது. தூக்குமேடை பண்டுதொட்டு வழங்கிவந்ததே; ஆனால் கயிறு அறுந்தால் மேடையும் அதன்மேல் நின்றோரும் கீழே வீழ்ந்து அழிவர். இதற்கு ஒரு காவல் வேண்டுமென ஓட்டிஸ் கருதினார். வண்டிக்குப் பொருத்தும் வில் ஒன்றை எடுத்து, மேடையின் உச்சியில் கயிற்றோடு பிணைத்தார். மேடையின் இருமருங்கும் நின்ற வழிச்சட்டங்களில் வாட்பற்கள் போன்ற பற்களை அமைத்தார். மேடையின் எடையால் கயிறு இறுகியிருக்கும்வரை வில் வளைந்திருக்கும். கயிறு அறுந்த நொடியிலேயே வில் நிமிர்ந்து, அதன் முனைகள் பற்களிற் சிக்கிக்கொள்ளும். மேடை அங்கேயே நின்றுவிடும். பொறி இவ்வளவே. வண்டித் தொழிலில் உழன்ற கைகள் வண்டிவில்லையே நாடியது வியப்பன்று.

பொறி சிறந்ததாயினும் வாங்குவோர் மிகுதியாக வரவில்லை. 1854இல் நியூயார்க்கு நகரத்துப் பளிங்கு மாளிகைப் பொருட்காட்சியில், திரண்ட மக்கள் காண, தூக்குமேடைமீது ஓட்டிஸ் தாமே ஏறி நின்றார். மேடை உயரே சென்றதும், கயிற்றை வெட்டுமாறு ஆணையிட்டார். கூடியிருந்தோர் அஞ்சி நடுங்கினர். கயிறு துண்டாயிற்று, மேடை சில விரற்கடை அளவே இறங்கி நின்றது. பிறர் உயிரைப் பணயம் வைத்துப் பொறியைச் சோதிக்காமல், தம் உயிரையே வைத்தார் என்பது கருதத்தக்கது. அதன்பின் வாங்குவோர் தொகை பெருகியது. 1857இல் நியூயார்க்கு பிராடுவே வீதியில், ஐந்து தளம் கொண்ட கடை ஒன்றில், மக்கள் ஏறிச் செல்லும் தூக்கியை அவர் நிறுவினார். நீராவியால் இயங்கிய அது மணித்துளிக்கு 40 அடியே ஏறியது!

இக்காலத் தூக்கி மின்விசையால் இயங்குவது. எஃகு வடங்கள் உச்சியிலுள்ள உருளையின்மேற் சென்று, ஒருபுறம் பெட்டியையும் மறுபுறம் எதிர்ப்பளுவையும் தாங்குகின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒத்து நிற்பதால், மின்பொறி இழுக்கவேண்டிய சுமை சிறிதாகிறது. காவற்பொறியும் வளர்ந்துள்ளது. ஓட்டிசின் வில் கயிறு அறுந்தால் மட்டுமே தொழிற்படும். இன்றைய பொறியோ, வடம் அறாவிடினும், பெட்டி அளவு கடந்த விரைவில் இறங்கினாலே தண்டவாளத்தை இறுகப் பற்றி அதனை நிறுத்திவிடும்.

இவ்வளர்ச்சியைக் காண ஓட்டிஸ் வாழ்ந்திலர். 1861ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆம் நாள், தொண்டை அடைப்பான் நோயால், தம் 49ஆம் வயதில் யாங்கர்சில் மறைந்தார். மைந்தர் சார்லசும் நார்ட்டனும் தந்தையின் தொழிலை ஏற்று நடத்தினர். 1889இல் பாரிசு நகரத்து ஈபெல் கோபுரத்தில் மக்களை ஏற்றிச் சென்ற தூக்கிகளுள் சில அவர்தம் நிறுவனம் அமைத்தவையே.