முகிலுக்கு மேலே ஒரு மின்னல்

கோடை மாலைகளில் ஓசூர், கிருஷ்ணகிரி மேட்டுநிலத்தின்மீது கார்முகில்கள் திரளும். இடி முழங்க, மின்னல் மண்ணை நோக்கிப் பாயும். தொழிற்சாலை வாயிலில் மழைக்கு ஒதுங்குவோர் காண்பது முகிலின் அடிப்புறத்தை மட்டுமே. அம்முகிலின் உச்சிக்கு மேலும் மின்னிறக்கம் நிகழக்கூடும் என்று, அதனைக் காணாமலேயே கணித்தவர் சார்லஸ் தாம்சன் ரீஸ் வில்சன்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவை அடுத்த கிளென்கோர்ஸில், 1869 பிப்ரவரி 14 அன்று ஆட்டுப்பண்ணை உழவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். மருத்துவராக விரும்பிப் படிப்பைத் தொடங்கியவரை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இயற்பியலாளராக்கியது.

1894இல் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை ஆய்வகத்தில் தங்கியபோது, முகில்மீது கதிரொளி வரைந்த வண்ண வளையங்கள் அவரைக் கவர்ந்தன. அவற்றை ஆய்வகத்தில் உருவாக்க முயன்றதன் பயனாக முகிற்கலம் பிறந்தது. கண்ணுக்குப் புலனாகாத மின்துகள்களின் தடத்தை நீர்த்துளிகளால் காட்டிய அக்கருவி, 1927இல் ஆர்தர் காம்ப்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளும் பெருமையை அவருக்கு அளித்தது.

1895இல் அம்மலைப் பகுதியிலேயே இடிமுகில் நெருங்கியபோது அவரது தலைமயிர் சிலிர்த்து நின்றது. அன்று முதல் இடிமுகிலின் மின்புலம் அவரது வாழ்நாள் ஆய்வாயிற்று. உயரம் கூடக்கூட முகிலின் மின்புலம் குறையும். காற்றின் அடர்த்தியோ அதனினும் விரைந்து குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் வலுக்குறைந்த மின்புலமே மின்னிறக்கத்தைத் தூண்டப் போதுமானது. ஆதலால், முகிலுக்கு நெடுந்தொலைவு மேலே மின்னிறக்கம் தோன்றலாம் என 1925இல் எழுதினார். அதனை மெய்ப்பிக்கும் ஒளிப்படம் அப்போது எவரிடமும் இல்லை. எனினும் அவர் சோர்ந்திலர். 1956இல், தம் 87ஆம் வயதிலும், இடிமுகில் மின்சாரம் குறித்து ஆய்வுரை வெளியிட்டார். 1959இல் மறைந்தார்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1989 ஜூலை 6 அன்று, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒளிப்படக் கருவி ஒன்றைச் சோதித்தபோது, தொலைவிலிருந்த இடிமுகிலுக்கு மேல் எழுந்த ஒளித்தூண்கள் தற்செயலாகப் பதிவாயின. ஏறத்தாழ 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், நொடியின் சிறு பகுதியளவே நிலைக்கும் இச்செவ்வொளிகள் இன்று ஸ்பிரைட் எனப்படுகின்றன. முகிலின் உச்சியிலிருந்து மேல்நோக்கிப் பாயும் நீலத்தாரைகளும் பின்னர் கண்டறியப்பட்டன.

இடிமுகிலின் மின்னழுத்தம் 100 கோடி வோல்ட்டை எட்டலாம் என்பது 1929இல் அவர் செய்த மற்றொரு மதிப்பீடு. 2014 டிசம்பர் 1 அன்று உதகமண்டலத்தின்மீது கடந்த இடிமுகிலில், அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் மியூவான் துகள்களின் துணையால் 130 கோடி வோல்ட்டைக் கண்டறிந்தது. ஸ்காட்லாந்து மலையில் முளைத்த கேள்விக்கு நீலகிரி மலையிலும் விடை கிடைத்தது.